பாதியில் நிற்கும் பச்சைக்கோடு

டவுன்ஷிப்பில் என்னோடு வளர்ந்தவர்களைக் கேட்கிறேன், பொய் சொல்லாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் குவார்ட்டர்ஸில் டார்ச் லைட் இருந்ததா? எமர்ஜென்சி விளக்கு? எங்கள் வீட்டில் மெழுகுவத்தி மட்டும் இருந்தது, அதுவும் மாதா படத்துக்கு முன்னால் ஏற்றுவதற்கு. இருட்டுக்கென்று நாங்கள் எதையும் வாங்கி வைத்ததில்லை. நாமாக சுவிட்சை அணைத்தால்தான் நமக்கு இருட்டு.

எனக்கு முப்பதிலேயே நரை விழுந்துவிட்டது. அதனால் பழைய கதை பேசும் உரிமையும் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன். நான் சொல்லப்போவது தமிழ்நாடே கரண்ட் இல்லாமல் வெந்துகொண்டிருந்த காலம், பெரிய புயலுக்கு அடுத்த வருஷம். டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் வேறு உலகம். புயல் முடிந்த கையோடு நெல்லிக்குப்பத்திலிருந்து சித்தி பஸ் ஏறி வந்தாள். ஊறவைத்த அரிசியைத் தூக்கில் கொண்டுவந்து எங்கள் கிரைண்டரில் அரைத்துக்கொண்டு, அவள் தெருக்காரர்களின் செல்போன்களையெல்லாம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனாள். நான் அதைச் சிரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தேன். கரண்ட் போவது என்பது நமக்கு அசாமில் வெள்ளம் வந்த மாதிரி, செய்தியில் வருகிற ஒரு விஷயம்.

அப்பா தெர்மலில், அதாவது கரண்ட் உற்பத்தி செய்யும் அனல்மின் நிலையத்தில், ஆபரேட்டர். அதில் அவருக்கு ஒரு மிதப்பு உண்டு. விருந்தாளி யாராவது வந்து, சுற்றுகிற ஃபேனை ஆச்சரியமாக அண்ணாந்து பார்த்தால் போதும், "நாங்க அனுப்பினாதான் மத்தவனுக்கு" என்று ஆரம்பித்துவிடுவார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு காபியை ஆற்றுவாள்.

அந்த வருஷம் நான் பிளஸ் டூ. அக்கா வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று பூசை முடிவில் சாமியார் படிப்பார். நிலக்கரி மைன்ஸில் பர்மனென்டாக இருந்த ஒரு மாப்பிள்ளைக்கும் அக்காவுக்கும் முதல் ஓலை வாசித்தாயிற்று. தடை சொல்ல யாரும் வரவில்லை. தடை சொல்ல வேண்டியவள் எங்கள் வரிசையிலேயே முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரமே ஒருநாள் அவள் கிளம்பிப் போய் ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் பழுது பார்க்க கான்ட்ராக்டில் வந்தவன். திருவதிகைப் பக்கத்துக்காரன், கோயிலுக்கு வராத குடும்பம். அப்பாவுக்கு எது பெரிய அவமானம், அவன் கிறிஸ்தவன் இல்லை என்பதா, கான்ட்ராக்ட் என்பதா, எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

அடுத்த ஞாயிறு போகாமல் இருந்திருக்கலாம். அப்பா போனார். எங்களையும் கூட்டிக்கொண்டு போய் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தார். சாமியார் மற்ற ஜோடிகளின் ஓலைகளைப் படித்துவிட்டு, எங்களுடையது வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, தாளை மடித்தார். கோயில் மொத்தமும் எங்கள் பக்கம் திரும்பியது. அப்பா எதிரே இருந்த பீடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து வெளியே போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "விசாரிச்சுட்டேன். பெங்களூர் போயிட்டாங்க. இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்ல வேணாம்."

அம்மாவுக்கு பெங்களூர் என்றால் குளிரும் கன்னடமும்தான். அங்கே போய்ப் பெண்ணைத் தேடுவது அவள் கனவிலும் நடக்காத காரியம். "ஸ்வெட்டர் வாங்கிக்கினாளோ என்னமோ" என்று மட்டும் ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

அக்கா போன பிறகு கதவை என் மேல் சாத்தினார்கள். டியூஷன் நின்றது. என் சைக்கிள் ஷெட்டில் பூட்டிக் கிடந்து டயர் தரையோடு ஒட்டிப்போனது. பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் ஸ்கூட்டரில், இல்லையென்றால் ஸ்கூல் பஸ்ஸில். வீட்டில் இருந்த ஒரே செல்போன் அப்பாவின் சட்டைப் பையோடு தெர்மலுக்குப் போய்விடும். லேண்ட்லைன் உண்டு. அதிலும் ஷிஃப்டுக்கு இடையில் அவரே கூப்பிடுவார், நானோ அம்மாவோ எடுத்து "வீட்லதான் இருக்கோம்" என்று சொல்ல வேண்டும். நைட் ஷிஃப்ட் வாரங்கள் இன்னும் மோசம். பகலில் அவர் கண்ணுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். மிக்ஸி ஓடக் கூடாது, குழாயைப் பெரிதாகத் திறக்கக் கூடாது, பாத்திரம் பாத்திரத்தின் மேல் படக் கூடாது. வெளியே வேப்பமரமும் சுத்தமான தார்ச்சாலையுமாக டவுன்ஷிப் அழகாகத்தான் இருந்தது. நான் அதை ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன்.

மிச்சமிருந்தது அக்காவுக்காக வாங்கிய கம்ப்யூட்டர். முன்னறையில், அம்மா பழைய சேலையில் தைத்த பூப்போட்ட உறைக்குள் மானிட்டர் உட்கார்ந்திருக்கும். இணைய வசதி டெலிபோன் கம்பி வழியாகவே வந்தது. பாடத்துக்கு வேண்டும் என்பதால் அதை மட்டும் அப்பா வெட்டவில்லை. காவலுக்குப் பெரியப்பா மகனைப் போட்டார். கடலூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அண்ணன் அவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து, நான் எந்தப் பக்கத்தையெல்லாம் திறந்தேன், யாருக்கு மெயில் அனுப்பினேன் என்று தோண்டித் துருவிப் பார்த்துவிட்டு, "க்ளீனா இருக்கு சித்தப்பா" என்பான். அப்புறம் கறிக்குழம்பு சாப்பிடுவான்.

அவன் பார்க்காத ஒரே இடம், அவனே போட்டுவைத்த இடம். சினிமாப் படம் இறக்குவதற்காக ஃபைல் பரிமாறிக்கொள்ளும் ஒரு சாஃப்ட்வேரை எங்கள் கம்ப்யூட்டரில் போட்டிருந்தான். அதில் நண்பர்கள் பட்டியல் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும், அவர்கள் வைத்த ஃபைல் நமக்கு வரும். அக்கா வீட்டில் இருந்த காலத்திலேயே அந்தப் பையனோடு பாட்டுப் பரிமாறிக்கொண்டது இதே வழியாகத்தான் என்பது யாருக்குத் தெரியும்? காவல்காரனே திறந்துவைத்த கொல்லைக் கதவு அது.

கார்த்திகை மாதம் ஒரு பிற்பகல் அந்தப் பையனின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. "கெமிஸ்ட்ரி பாடம் மூணு" என்று ஒரு சின்ன ஃபைல் நொடியில் வந்து விழுந்தது. திறந்தேன். "பையன். வீடியோ அனுப்புறேன். அம்மாவுக்குக் காட்டு." அவ்வளவுதான். அடுத்தது "கெமிஸ்ட்ரி பாடம் நாலு". அது பெரிய ஃபைல், வரத் தொடங்கியது. பெரியப்பா மகன் கெமிஸ்ட்ரியில் அரியர் வைத்தவன், அந்தப் பெயரில் எதையும் திறக்க மாட்டான் என்பது அக்காவுக்குத் தெரியும்.

அம்மாவை அடுக்களையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அப்பா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் காதோடு காதான பேச்சு.

"பையனா?"

"ஆமாம்மா. வீடியோ வந்துகிட்டிருக்கு."

"எப்படி வருது? எங்க?"

ஃபைல் வரவர நீளும் பச்சைக்கோட்டைக் காட்டினேன். அது இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விட்டால் குழந்தை முகத்தைப் பார்த்துவிடலாம் என்றேன். அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. கோடு கால்வாசி வந்தது, நின்றது. பச்சைப் புள்ளி அணைந்தது. மறுபடி எரிந்தபோது பழைய கால்வாசியையும் விழுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கியது. அந்த சாஃப்ட்வேரின் லட்சணம் அப்படி. பாதியில் அறுந்தால் பாதியை வைத்துக்கொள்ளத் தெரியாது.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் அதுவே வேலை. நான் படிப்பதாகப் பெயர், அவள் கீரை ஆய்வதாகப் பெயர். இரண்டு பேரும் பச்சைக்கோட்டை மேய்த்தோம். ஒருநாள் பாதி வரும், ஒருநாள் முக்கால் வரும், அப்புறம் அறுந்துவிடும். ஒருநாள் நுனிக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது அறுந்தது. அம்மா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வரக் கூடாதே.

ஏன் அறுகிறது என்று அக்காவைக் கேட்க வழியில்லை. தன் படங்கள் வேகமாக வர வேண்டும் என்று பெரியப்பா மகன் எங்கள் பக்கத்திலிருந்து எதுவும் வெளியே போகாதபடி பாஸ்வேர்டு போட்டு அடைத்துவைத்திருந்தான். வருவது வரும், போவது போகாது. அந்த வீட்டில் எனக்கும் அதே நிலைமைதான் என்று அப்போதே தோன்றியது.

ஆகவே கோளாறை நானே தேடினேன். பெங்களூர் என்றால் கம்ப்யூட்டர் ஊர். அங்கே என்ன குறை இருக்கப்போகிறது? பழுது எங்கள் பக்கம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மகனிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அண்ணா, உன் படமெல்லாம் பாதியிலேயே நிக்குதே, ஏன்?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை அந்த வீட்டில் யாரும் அவனிடம் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. "ஃபயர்வால் தடுக்குது தங்கச்சி" என்று அதை அணைத்தான். மறுவாரம் "போர்ட் ஓப்பனா இல்ல" என்று மோடத்துக்குள் நுழைந்து எண்களை மாற்றினான், மூன்று நாள் இணையமே வரவில்லை. அதற்கடுத்த வாரம் "ஒரே நேரத்துல நெறைய பேரோட கனெக்ட் ஆகுது, அதான் மூச்சு முட்டுது" என்று எண்ணிக்கையைக் குறைத்தான். ஒவ்வொரு வைத்தியமும் ஒரு நாள் பலித்த மாதிரி இருக்கும், அடுத்த நாள் பழைய கதை. மோடம் தொட்டால் சுடும். "சூடானா தூங்கிடும், காத்தாட வைங்க" என்றான். அம்மா அதைக் கொண்டுபோய் மாதா படத்துக்குக் கீழே இருந்த மேடையில் வைத்தாள். "சித்தி, மெழுகுவத்திக்குப் பக்கத்துல வச்சா எப்படி சூடு குறையும்?" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். அம்மா மெழுகுவத்தியை நகர்த்தினாள், மோடத்தை நகர்த்தவில்லை.

நானாகக் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. டெலிபோன் மணி அடித்தால் மோடத்தின் இணைப்பு விளக்கு அணைந்துவிடுகிறது. அப்பா தெர்மலிலிருந்து கூப்பிடும் ஒவ்வொரு முறையும் கோடு அறுகிறது! இதுதான் நோய் என்று எனக்கு ஒரே குதூகலம். அப்பா பகல் ஷிஃப்டில் இருந்த ஒருநாள், ஸ்கூல் லீவு, டெலிபோன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவைத்துவிட்டு நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். கோடு நன்றாகத்தான் நகர்ந்தது. முக்கால் தாண்டியது. அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஷிஃப்ட் நடுவில் அப்பா ஒருநாளும் வந்ததில்லை. லிக்னைட் கரித் தூசி படிந்த யூனிஃபார்மோடு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், இரண்டு பேரும் இருக்கிறோம் என்று தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் மானிட்டரை அணைத்துவிட்டிருந்தேன்.

"போன் ஏன் எடுக்கல?"

"வூடு பெருக்கும்போது வயரு கழண்டுக்கிச்சு போலங்க" என்றாள் அம்மா.

அப்பா குனிந்து வயரை எடுத்துப் பார்த்தார். கழன்ற வயருக்கும் கழற்றிய வயருக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் இல்லை அவர். திட்டவில்லை. அதைத் திரும்பச் சொருகிவிட்டு, "பொங்கல் முடிஞ்சதும் இந்த லைனே வேணாம். பரீட்சை முடியற வரைக்கும் நெட்டும் வேணாம், போனும் வேணாம். எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார். பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டில் டிவி கேபிளை வெட்டுவது டவுன்ஷிப்பில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே போயிருந்தது. இனி வெட்டுவதற்கு இது ஒன்றுதான் பாக்கி.

அப்போது அவர் மூச்சு வாங்கியதை நான் கோபம் என்று நினைத்தேன். இரண்டாவது பெண்ணும் போய்விட்டாள் என்று பயந்து ஓடிவந்த மனிதர் அவர் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. உறைத்தபோதும் மன்னிக்கத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன் இணைப்பையும் இணையத்தையும் பிரித்துவிடுகிற சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பெரியப்பா மகன் கடலூரிலிருந்து வாங்கிவந்து மாட்டினான். ஸ்ப்ளிட்டர் என்று பெயர். அதற்குப் பிறகு மணி அடித்தாலும் விளக்கு அணையவில்லை. ஆனாலும் கோடு அறுந்துகொண்டேதான் இருந்தது. காலையில் கொஞ்ச நேரம் வரும், நிற்கும். மதியம் வரும், நிற்கும். மார்கழி முடியப்போகிறது. அம்மா என்னைக் கேட்பதையே விட்டுவிட்டாள். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

பொங்கல் அன்று அந்தக் கோடு ஒருமுறைகூட நிற்கவில்லை. காலையில் தொடங்கியது, நாங்கள் பொங்கல் வைத்தோம், கோயிலுக்குப் போய்வந்தோம், சாப்பிட்டோம், அது பாட்டுக்கு நகர்ந்து சாயங்காலம் நுனியைத் தொட்டது. "பாத்தியா, ஸ்ப்ளிட்டர் வேலை" என்றான் சாப்பிட வந்திருந்த பெரியப்பா மகன், தன் படத்தைப் பற்றி. அப்பா அன்றைக்கும் மறுநாளும் லீவில் முன்னறையிலேயே இருந்தார். வந்து சேர்ந்த குழந்தை கம்ப்யூட்டருக்குள் இருக்க, அம்மா அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள். மானிட்டர் உறையை இரண்டு முறை தட்டி விரித்துப் போட்டாள்.

காணும் பொங்கலுக்கு வந்த பெரியப்பா குடும்பம் இரவு முன்னறையிலேயே தங்கி, மறுநாள் விடிந்ததும்தான் கிளம்பிப் போனது. அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தார். "தூங்கி எழுந்து போய் லைனுக்கு எழுதிக் குடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். குறட்டை கேட்கும் வரை காத்திருந்தோம். "பாடம் ஐந்து" என்று இன்னொன்று வர ஆரம்பித்து அதுவும் பாதியில் நின்றிருந்தது. நான் நாலைத் திறந்தேன். சத்தத்தை மிகவும் குறைத்து வைத்தேன்.

டியூப்லைட் வெளிச்சத்தில், பாயில் ஒரு குழந்தை மல்லாந்து கிடந்தது. கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு கடிகாரம் எட்டரை காட்டியது. அம்மா திரைக்கு வெகு பக்கத்தில் போனாள்.

"புள்ள கழுத்துல சிலுவை கிலுவை போட்டிருக்காளா பாருடி" என்று தொடங்கியவள் அதை முடிக்கவில்லை. திரையில் அக்காவின் கை குழந்தையின் மூக்கைத் தொட்டது.

"அம்மா, பாரும்மா. மூக்கு அப்படியே உன் மூக்கு. பாப்பா, கெமிஸ்ட்ரி ஒழுங்கா படிக்கிறியாடி?" அக்காவின் சிரிப்பு. குரல் அதேதான், பேச்சு மாறியிருந்தது. "வூட்டுல எல்லாரும் இவன எங்க மாமனார் ஜாடைங்கறாங்கம்மா. நான் ஒத்துக்கவே இல்ல." எங்களை 'வூடு' என்று சொல்லவிடாமல் திருத்தித் திருத்தி வளர்த்தவர் அப்பா. அது அம்மாவின் பேச்சு. அம்மா சத்தமில்லாமல் சிரித்தாள்.

திரை சட்டென்று இருண்டது. அய்யோ, ஃபைல் கெட்டுவிட்டதா என்று மவுஸைப் பிடித்தேன். ஆனால் குரல் வந்துகொண்டிருந்தது. மின்விசிறி ஓய்கிற சத்தம், குழந்தை வீல் என்று கத்தியது.

"போச்சுடா. இன்னிக்கும் சீக்கிரமே புடுங்கிட்டான்" என்றாள் அக்கா இருட்டுக்குள்ளிருந்து. "கம்ப்யூட்டரும் போச்சு. இத அனுப்பறப்பவும் இப்படித்தான் பாதியில நிக்கப்போவுது. அந்த விசிறிய எடுங்க... அழுவாத கண்ணு, அழுவாத. தாத்தா அங்க கரண்ட்டு செஞ்சிகினுதான் இருக்காரு. நம்ம வூட்டுக்கும் வந்துடும். அழுவாத."

எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "எட்டரைக்கே எடுத்துட்டானா? அந்தத் தெருவுக்கு ஒன்பதுக்குத்தான கட்?"

அப்பா உள்ளறை வாசலில் லுங்கியோடு நின்றிருந்தார். கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார் என்றால் குழந்தையையும் பார்த்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. நான் அடிக்காகக் காத்திருந்தேன். அம்மா மட்டும் மெதுவாகத் திரும்பினாள்.

"எந்தத் தெருவுக்குங்க?"

அப்பாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பெங்களூருன்னீங்களே. எந்தத் தெருவுக்குங்க ஒன்பதுக்கு கட்?"

"பண்ருட்டி" என்றார். "பெங்களூருக்கெல்லாம் போகல. பண்ருட்டியிலதான் இருக்காங்க. முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனிக்குப் பின்னாடி தெரு."

"புள்ள பொறந்தது தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்று அப்பா தலையை ஆட்டினார்.

இருட்டுத் திரையில் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. ஃபயர்வால் இல்லை, போர்ட் இல்லை, மோடத்தின் சூடு இல்லை. கரண்ட் இல்லை, அவ்வளவுதான். பொங்கலுக்கு ஊரெல்லாம் கரண்ட் விட்டிருக்கிறார்கள், அதனால் அன்றைக்கு மட்டும் நிற்காமல் வந்தது. இது எந்த ஊர்ப் பிள்ளைக்கும் முதல் நாளே தோன்றியிருக்கும். நமக்குத்தான் தோன்றாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தெருவுக்கு எந்த நேரம் கரண்ட் போகும் என்பது தெர்மலில் தெரிகிற விஷயம் இல்லை. அங்கே போய், அந்தத் தெருவில் யாரையாவது கேட்டிருந்தால்தான் தெரியும். அவர் போயிருக்கிறார். கேட்டிருக்கிறார். மகள் எப்போதெல்லாம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் வெளிச்சத்தில் சாப்பிட்டிருக்கிறார்.

அம்மா கத்தவில்லை. அவளுக்குக் கத்திப் பழக்கமில்லை. "நான் குளுருல கெடக்கறாளேன்னு நெனச்சுக்கினு இருந்தேன். இங்க, கூப்புடு தூரத்துல, புள்ளைய வச்சிக்கினு வேர்வையில கெடக்கறா. தெரு தெரியுது உங்களுக்கு. கட் நேரம் தெரியுது. ஒரு விசிறி வாங்கிக்கினு போவத் தெரியல."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"

"இருக்கற மூஞ்சியோடதான். நீங்க இருங்க, நான் போறேன்."

பீரோவைத் திறந்து கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டினாள். பொங்கலுக்குச் சுட்ட அதிரசத்தைப் பையில் போட்டாள். அப்பா தடுக்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு "நானும் வரேம்மா" என்றேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"அவளுக்குப் பரீட்சை இருக்கு. இருக்கட்டும்" என்றார்.

அவளால் ஒரே நாளில் ஒரு கதவைத்தான் திறக்க முடிந்தது. என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "தாப்பா போட்டுக்கோ" என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள். வேப்பமர நிழலில் அவள் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா தனியாக நடந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவ்வளவு வேகமாக நடப்பாள் என்றும் தெரியாது.

திரும்பியபோது அப்பா கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீடியோ முடிந்துபோயிருந்தது. நான் அதை மூடினேன். அடியில், காலையிலிருந்து பாதியில் நின்றிருந்த "பாடம் ஐந்து" தெரிந்தது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நின்று பார்த்தேன். வெகு நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. கோடு முதலிலிருந்து மெல்ல நகரத் தொடங்கியது.

"கரண்ட் வந்துடுச்சு அங்க" என்றார் அப்பா.

இனி ஒரு வார்த்தை அவரோடு பேசக் கூடாது என்று அந்த நிமிஷம் நினைத்திருந்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "இது முழுசா வர எவ்ளோ நேரம் ஆகும்?"

"சாயங்காலம் ஆயிடும். நடுவுல நிக்காம இருந்தா."

"பஸ்ல போனா முக்கா மணி நேரம்" என்றார்.

நாற்காலியை இன்னும் கொஞ்சம் திரைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.